'இம்புட்டுத்தானா ஊட்டி?': ஓர் ஏமாற்றத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

1987 மே மாதம். மதுரையில் அப்பா வேலை பார்த்த மில்லில் நாற்பது தொழிலாளர்கள் சேர்ந்து மாதாமாதம் சீட்டுக் கட்டுவதுபோல் பணம் கட்டி, ஒரு பஸ் பிடித்து, குடும்பம் குடும்பமாக ஊட்டிக்குக் கிளம்பினோம். ஸ்வெட்டர் என்று யாரிடமும் கிடையாது. போர்வை எடுத்துக்கொண்டோம். எவர்சில்வர் தூக்கில் புளியோதரை. பர்லியாறு தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி. ஒருவழியாக ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். என் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தண்ணீர் பச்சையாக இருந்தது, சாக்கடை நாற்றம் வேறு. அத்தை சொன்னாள்: "இம்புட்டுத்தானாடா ஊட்டி? நம்ம தெப்பக்குளத்துல தண்ணிய விட்டா இதவிட நல்லாருக்குமே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த வாக்கியத்தை நானும் வெகுநாள் ஒரு கிண்டலாகவே வைத்திருந்தேன். ஆனால் இந்த முப்பத்தைந்து வருஷங்களில் அதையே வெவ்வேறு தொனிகளில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். 'குளிரே இல்லை.' 'கட்டடங்களாகக் கட்டிக் குவித்துவிட்டார்கள்.' 'கூட்டம் நாசமாக்கிவிட்டது.' 'அந்தக் காலத்து ஊட்டி எப்படி இருக்கும் தெரியுமா?' ஊட்டிக்குப் போவது எப்படி ஒரு சடங்கோ, அப்படியே ஏமாந்து திரும்பி அதைப் பற்றிப் பேசுவதும் ஒரு சடங்காகிவிட்டது.

எனவே ஒரு கேள்வி எழுகிறது. ஏமாற்றம் என்பது எதிர்பார்ப்புக்கும் காட்சிக்கும் இடையிலான இடைவெளி என்றால், இந்த எதிர்பார்ப்பை நமக்குள் வைத்தது யார்? என் அத்தை ஊட்டியை அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி அவளுக்கு ஒரு பிம்பம் இருந்தது. அந்தப் பிம்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பேசாமல் 'ஊட்டி கெட்டுவிட்டது' என்று புலம்புவது யாருடைய புலம்பல் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2

ஜான் அர்ரி என்ற சமூகவியலாளர் 1990-இல் சுற்றுலாப் பயணியின் பார்வை பற்றி எழுதிய நூலை, மருத்துவமனையில் நோயாளியின் மேல் விழும் 'பார்வை' பற்றி ஃபூக்கோ எழுதியதிலிருந்துதான் தொடங்குகிறார். சுற்றுலாப் பயணி கண்ணை வெறுமனே திறந்து பார்ப்பதில்லை. எதைப் பார்க்கவேண்டும், எங்கே நின்று பார்க்கவேண்டும், எதைப் பார்த்ததும் 'ஆஹா' சொல்லவேண்டும் என்பதெல்லாம் முன்பே ஏற்பாடாகி இருக்கின்றன. இந்த ஏற்பாடு நீலகிரியில் எப்போது தொடங்கியது?

1603-இல் ஃபினீஷியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தார், தோதவர்களைப் பார்த்தார், திரும்பிப் போனார். அவருக்கு இது சுற்றிப் பார்க்கும் இடமாகத் தெரியவில்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மலை தன்பாட்டில் இருந்தது. தோதவர்கள் எருமை மேய்த்தார்கள். கோத்தர்கள் இரும்பும் மண்ணும் மரமும் கொண்டு தொழில் செய்தார்கள். படகர்கள் வேளாண்மை செய்தார்கள். குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் இருந்தார்கள். இவர்களுக்குள் பண்டமும் பணியும் சடங்கும் கைமாறிக்கொண்டிருந்தன. ஏற்றத்தாழ்வு இல்லாத சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு வாழிடமாக இருந்தது, அவ்வளவுதான்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வருகிறார். வந்த வேகத்தில் எழுதிய கடிதத்தில், இந்த இடம் ஐரோப்பாவின் வேறெந்த நாட்டையும்விட சுவிட்சர்லாந்தை ஒத்திருக்கிறது என்கிறார். நாம் நிறுத்தி நிதானிக்க வேண்டிய இடம் இது. நீலகிரி காலனிய எழுத்தில் நுழையும்போதே இன்னொன்றின் சாயலாகத்தான் நுழைகிறது. அதன் அழகு அதன் சொந்த அழகாகச் சொல்லப்படவே இல்லை. வேறெங்கோ அசல் இருக்கிறது, இது நகல். நகலைப் பார்க்கப் போகிறவன் என்றைக்காவது ஒருநாள் 'இம்புட்டுத்தானா?' என்று கேட்டே தீருவான்.

சல்லிவன் கட்டிய கல்வீடுதான் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. தோதவர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்கிறார்கள். இன்றைக்கு அந்த வளாகத்தில் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. சல்லிவன்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமல்ல. நிலத்தின் உடைமை தோதவர்களுக்கே என்று மேலிடத்தோடு வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் வாதாடிய அதே ஆள்தான் ஓடைகளை மறித்து ஏரி வெட்டினார், ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் கொண்டுவந்து நட்டார். என் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அந்த ஏரி 'இயற்கை' அல்ல. 1820-களில் செய்யப்பட்ட ஒன்று. பின்னால் அந்த ஏரியின் பரப்பைத் தூர்த்துத்தான் குதிரைப் பந்தயத் திடலும் பஸ் ஸ்டாண்டும் வந்தன. ஊர்ச் சாக்கடை மிச்சமிருந்த தண்ணீரில் கலந்தது.

1830-இல் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்தேவான் தேவாலயத்துக்குள் போனால் பெரிய பெரிய தேக்கு உத்தரங்களைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை அவை. வழிகாட்டிகள் இதை ஒரு சுவாரசியத் தகவலாகச் சொல்கிறார்கள். 1799-இல் வீழ்ந்த ஓர் அரசின் மரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது அந்த 'அமைதியான ஆங்கிலக் கிராமத்து' தேவாலயம். இந்த மலைநாடே அந்த வீழ்ச்சிக்குப் பிறகு கும்பினியின் கைக்கு வந்ததுதான்.

3

1870-லிருந்து கோடை மாதங்களில் சென்னை மாகாண அரசாங்கமே முறைப்படி மலைக்குக் குடிபெயர்ந்தது. கோப்புகள், குமாஸ்தாக்கள், சமையல்காரர்கள் எல்லாம் மலையேறினர். இந்தக் கோடைப் பயணத்துக்கு மக்கள் வரிப்பணமா என்று மெட்ராஸ் பத்திரிகைகள் அன்றைக்கே கண்டித்தன. பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராக இருந்த 1875–80 காலத்தில் ஊட்டியில் கவர்னர் மாளிகை எழுந்தது. அதே காலத்தில்தான் கீழே சமவெளியில் தாது வருஷப் பஞ்சம்.

1877-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு பஞ்ச நிலவரம் பற்றிப் பேச மெட்ராஸுக்கு வருகிறார். அங்கிருந்து ஊட்டிக்கும் போகிறார். அங்கே மழை. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த மழையை அழகான இங்கிலாந்து மழை என்றும், சேற்றை அருமையான இங்கிலாந்துச் சேறு என்றும் குதூகலிக்கிறார். மழை பொய்த்ததால் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் பெல்லாரியிலும் ஜனங்கள் சருகாக உதிர்ந்துகொண்டிருந்த வருஷம் அது. சென்னை மாகாணத்தில் மட்டும் செத்தவர்கள் பல லட்சம். நிவாரண முகாம்களில் உடலுழைப்புக்கு எத்தனை அவுன்ஸ் தானியம் போதும் என்று கணக்குப் பார்த்துக் கூலியைக் குறைத்த ஆட்சியின் தலைவர் மலைமேல் நின்று மழையை ரசித்துக்கொண்டிருக்கிறார். ஊட்டி பற்றிய ஆங்கில நூல்களில் இந்தக் கடிதம் ஒரு நயமான மேற்கோளாக வந்துபோகிறது. எனக்கு அது நயமாகப் படவில்லை. சுற்றுலாத்தலம் என்ற கருத்தின் அடியில் இருக்கும் பிரிவினை இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. மேலே வந்தவன் கீழே இருப்பதை மறக்க வேண்டும். அந்த மறதிக்காகத்தான் மலை.

மறதிக்கு ஏற்றபடி பெயர்களும் வந்தன. சேரிங் கிராஸ், லவ்டேல், ஃபெர்ன்ஹில், வெலிங்டன். இங்கிலாந்தின் செந்நரி இங்கே இல்லை. அதனால் என்ன, நாய்களைக் கப்பலில் வரவழைத்து இங்கிருந்த குள்ளநரியை விரட்டி வேட்டை நடத்தினார்கள். அசல் கிடைக்காத இடத்தில் மாற்று வைத்துச் சமாளிப்பது ஊட்டியின் தொடக்ககாலப் பழக்கம்.

4

நீலகிரியின் மேட்டுநிலம் அடிப்படையில் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் திட்டுத்திட்டாகச் சோலைக்காடு. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளில் கசியவிடுவது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்த அமைப்புதான். தோதவர்களின் எருமைக்கு அந்தப் புல்தான் உணவு, கோயில் குடில்களுக்கும் அங்கே விளையும் குறிப்பிட்ட புல்தான் கூரை. ஆனால் மரம் இல்லாத நிலத்தை வெள்ளை அதிகாரி 'தரிசு' என்றே படித்தான். 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் சீகை மரமும் வந்தன. முதலில் விறகுக்காக. 1860-களில் கொய்னாவுக்காக சிங்கோனாத் தோட்டங்கள், நடுவட்டத்தில் அவற்றில் உழைக்கக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள். பிறகு தேயிலை.

'வெள்ளைக்காரன் செய்தான்' என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1947-க்குப் பிறகு இந்த நடவு நிற்கவில்லை, பெருகியது. தோல் பதனிடச் சீகைப்பட்டை வேண்டும், சமவெளியின் செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். புல்வெளிகள் வரிசை வரிசையாக மரத்தோட்டங்களாயின. சுதேசி அரசும் அதே 'தரிசு' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தது.

இங்கே மொழி செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அன்று ஊர் திரும்பும்போது எல்லோரும் வர்க்கியும் கேரட்டும் ஆளுக்கு ஒரு பாட்டில் தைலமும் வாங்கினோம். என்ன தைலம்? நீலகிரித் தைலம்! யூகலிப்டஸ் எண்ணெய்க்குத் தமிழில் அதுதான் பெயர். மலையின் புல்லையும் தண்ணீரையும் குடித்த மரத்துக்கு மலையின் பெயரையே சூட்டிவிட்டோம். ஜலதோஷம் பிடித்தால் நாம் முகர்வது நீலகிரியின் வாசனை என்று நம்புகிறோம். இன்று சிலர் 'பழைய ஊட்டி' என்று ஏங்குவதும் பெரும்பாலும் இந்தத் தைல மரங்களின் நிழலுக்குத்தான். படங்களில் பார்த்த உயரமான மரவரிசை, நடுவில் மூடுபனி. அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய்ப் பேசும்போது 'மரத்தை வெட்டுகிறார்களே' என்று பதறுபவர்களும் இவர்கள்தான். பதற்றம் உண்மையானது. பதறுவது எதற்காக என்பதில்தான் குழப்பம்.

5

சுற்றுலாப் பயணிக்குக் காட்டப்படும் இன்னொரு 'காட்சி' தோதவர்கள். 1901–02-இல் ரிவர்ஸ் வந்து ஆய்ந்து, 1906-இல் தடித்த புத்தகமாக எழுதினார். எமினோ அவர்கள் பாடல்களைத் தொகுத்தார். சுமார் எண்ணூறு பேராக இருந்த ஒரு சமூகத்தின்மேல் இத்தனை பக்கங்கள் எழுதப்பட்டது மானுடவியலில் அபூர்வம். மலைவாசத் தலங்களின் வரலாற்றை எழுதிய டேன் கென்னடி ஒன்றைச் சுட்டுகிறார்: காலனியவாதிகள் இந்த மலைகளை ஒரு பழைய ஏதேனாகக் கற்பனை செய்தபோது, அதன் காவலர்களாக அங்கிருந்த மக்களையும் கற்பனை செய்துகொண்டார்கள். வெள்ளந்தியான, கம்பீரமான, காலம் தொடாத மனிதர்கள். ஏதேனின் காவலனுக்கு நிலப்பட்டா தேவைப்படாது.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஒரு தோதவ மந்து இருக்கிறது. 1987-இல் எங்கள் பஸ்ஸும் அங்கே ஏறியது. பேன்ட் சட்டை போட்ட ஓர் இளைஞர் வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்ஸில் ஒருவர் கேட்டார்: "என்னங்க, ஆதிவாசின்னு கூட்டியாந்து நம்மாளு மாதிரியே ஒருத்தரக் காட்டுறீங்க?" அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் ஏமாந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பூவேலை போர்த்திய, தாடி வைத்த கிழவரைத்தான் பாடப்புத்தகத்தில் பார்த்திருந்தேன்.

ஏமாற்றம் எவ்வளவு வன்முறையானது என்று அந்தப் பார்வையை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. மேய்ச்சல் நிலம் போயிற்று, எருமைகள் குறைந்தன. வேறு பிழைப்புத் தேடிய மனிதரைப் பார்த்து, 'நீ ஏன் உன் பழைய மாதிரி இல்லை?' என்று டிக்கெட் வாங்கியவர் கேட்கிறார். தோதவர் இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அழிந்துவிடுவார்கள் என்ற ஆரூடத்தைப் பொய்யாக்கி இருக்கிறார்கள். காட்சிப் பொருளாக இருக்க மறுப்பதும் அவர்கள் உயிரோடு இருப்பதன் ஒரு பகுதி.

6

மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் 1899-இல் வந்தது, ஊட்டியை எட்டியது 1908-இல். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக்கியது. ஆனால் ஊட்டியைச் சாமானியரின் கனவாக்கியது ரயிலைவிட சினிமாதான். 1967-இல் 'ஊட்டி வரை உறவு' என்று படத்துக்கே பெயர் வைத்தார்கள். அடுத்த இருபது வருஷம் டூயட் என்றால் புல்சரிவு, தைல மரம், ஸ்வெட்டர் போட்ட கதாநாயகி. சுவிட்சர்லாந்து போகக் காசில்லாத தயாரிப்பாளருக்கு ஊட்டிதான் சுவிட்சர்லாந்து. சல்லிவனின் உவமை டூரிங் டாக்கீஸ் வழியாக என் அத்தையிடம் வந்து சேர்ந்துவிட்டது!

பிம்பத்தைச் செய்யும் தொழிற்சாலையும் ஊட்டியிலேயே இருந்தது என்பது வேடிக்கை. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் சுருள் தயாரித்தது. அந்த ஆலை நலிந்து, தொழிலாளர்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டு, கடைசியில் மூடப்பட்டது. ஊட்டியின் ஏமாற்றங்கள் பற்றிய பேச்சில் இது வருவதே இல்லை. வேலை போனவரின் ஏமாற்றம் சுற்றுலா ஏமாற்றத்தின் கணக்கில் சேராது போலும்.

அதுபோலத்தான் தேயிலையும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழரில் பெரும் பகுதி நீலகிரிக்கு வந்தது. அவர்களுக்கு வேலை தர 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. நூறு வருஷத்துக்கும் மேல் இன்னொரு நாட்டின் மலையைப் பச்சையாக்கிவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், இங்கே வந்து இன்னொரு மலையின் 'பச்சைக் கம்பள'மானார்கள். சில வருஷங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கண்டிச்சீமையில் பிறந்தவர். வருகிறவர்கள் இந்த இடத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்களே என்றேன். "அங்கயும் இதே மலதான் தம்பி, இதே கொழுந்துதான். காரை நிறுத்திட்டு எங்கள வச்சு போட்டோ புடிக்கிறாங்க. நாங்க கூடைய எறக்கி வைக்க எடம் பாத்துக்கிட்டு இருப்போம். சிரிங்கம்மாங்கிறாங்க."

7

இப்போது அந்தக் கடைசிப் புலம்பலுக்கு வருவோம்: 'கூட்டம் கெடுத்துவிட்டது.'

கூட்டம் பிரச்சினைதான், அதை மறுக்க முடியாது. தண்ணீர் போதவில்லை, சாலைகள் திணறுகின்றன, சரிவுகளில் கட்டடங்கள் முளைக்கின்றன. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு கட்டினார்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. அந்த மட்டில் அது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

ஆனால் நீதிமன்றம் வண்டியை எண்ணுகிறது, புலம்புகிறவர்கள் ஆட்களை எண்ணுகிறார்கள். 'பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, தூக்கில் சோறு கட்டிக்கொண்டு வந்து, புல்தரையில் உட்கார்ந்து தின்று...' என்ற வர்ணனையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், முற்போக்கான நண்பர்கள் வாயாலும்கூட. அந்தத் தூக்கு எங்கள் வீட்டுத் தூக்கு. சமவெளியின் வெக்கையும் சனமும் தன்னைத் தொடக்கூடாது என்றுதான் வெள்ளை அதிகாரி மலையேறினான். அவன் போனபின் மகாராஜாக்களும் முதலாளிகளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இப்போது வார இறுதி விடுதிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சோலையின் விளிம்பை வெட்டிக் கட்டிய அறையின் பால்கனியில் நின்றுகொண்டு கீழே பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்து, 'ஊட்டி செத்துவிட்டது' என்று சொல்வதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அந்தப் பால்கனிக்கு எத்தனை லாரித் தண்ணீர் என்று யாரும் எண்ணுவதில்லை.

சூழல் இயக்கத் தோழர்களோடு எனக்குள்ள வாக்குவாதம் இதுதான். 'ஊட்டியைக் காப்பாற்றுவோம்' என்கிறபோது எந்த ஊட்டியை? 1870-இன் கோடைத் தலைநகரையா, 1970-இன் டூயட் பாட்டையா, புல்லும் சோலையும் எருமையுமாக இருந்த ஒத்தைக்கல் மந்தையா? முதல் இரண்டையும் காப்பாற்றுவதற்கு நுழைவாயிலில் ஆள் நிறுத்தினால் போதும். மூன்றாவதற்கு நிலம் யாருடையது என்ற கேள்வியைத் திறக்க வேண்டும். தோதவருக்கு மேய்ச்சல் உரிமை, கொழுந்து பறிப்பவருக்கு வீட்டு உரிமை, தைல மரத்தின் இடத்தில் திரும்பவும் புல், ஓடைகள் ஏரிக்குள் வரும்போது ஓடைகளாகவே வருவது. இதெல்லாம் பேசாத சூழலியம் பழைய கிளப்பின் விதிமுறைப் பலகையைத் தமிழில் எழுதி மாட்டுவதாகத்தான் முடியும்.

அத்தை இறந்து பத்து வருஷமாகிறது. ஏரி அவளை ஏமாற்றியதென்னவோ வாஸ்தவம். ஆனால் அன்று தொட்டபெட்டாவில் மேகம் வந்து மூடியபோது, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றதை நான் பார்த்தேன். "சில்லுன்னு இருக்குடா, வந்து நில்லு" என்றாள். எவரும் அவளுக்குக் காட்டாத இடம் அது. அங்கே வியூ பாயின்ட் பலகைகூட இல்லை. அந்தப் புல் இப்போது அங்கே இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.